முட்டைக் கதையும் மூடிக் கதையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வந்த வீட்டு உபயோகப் பொருள் விளம்பரங்களைப் பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். படங்களைப் பார்த்து என் பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். கெச்சப் பாட்டிலின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, 'இதை ஒரு பெண்ணால்கூடத் திறக்க முடியுமா?' என்று கண்களை விரிக்கும் அல்கோவா என்ற அலுமினிய நிறுவனத்தின் 1953-ஆம் ஆண்டு விளம்பரத்து அம்மாள். காப்பித்தூள் புதிதா என்று கடையிலேயே பார்த்து வாங்காத மனைவியை மடியில் குப்புறப் போட்டு அடிக்கும் 1952-ஆம் ஆண்டு சேஸ் அண்ட் சான்பார்ன் விளம்பரத்துக் கணவன். சிரிப்பு வரும்தான், கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வரும். ஆனால் கட்டுரையாளர் இதையெல்லாம் 'அந்தக் காலத்து ஆண்களின் அறியாமை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அது எனக்கு ஒப்பவில்லை. பெண்களை உட்காரவைத்து, பேச்சுக்கொடுத்து, மனதில் இருப்பதை மணிக்கணக்கில் கேட்டுக் குறித்துக்கொண்டவர்கள் அந்த விளம்பரக்காரர்கள். தெரியாமல் செய்தவர்கள் இல்லை.

நான் முப்பத்தோரு ஆண்டுகள் மனையியல் பாடம் நடத்தியவள். அந்த உரிமையில் முதலில் ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன்.

கட்டுரையில் வந்த முட்டைக் கதை இது: கேக் மிக்ஸ் என்று கடையில் விற்கும் மாவுக் கலவையில் தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்று இருந்ததாம். 'நான் சமைத்தேன்' என்ற திருப்தி இல்லாததால் பெண்கள் வாங்கவில்லையாம். எர்னஸ்ட் டிக்டர் என்ற உளவியலாளர் 'ஒரு முட்டையை அவர்களையே உடைத்து ஊற்றச் சொல்லுங்கள்' என்றாராம். விற்பனை பிய்த்துக்கொண்டு போனதாம். இந்தக் கதையை நானே பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். முட்டையே நுழையாத அடுக்களையில் வளர்ந்து, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாக முட்டை அடிக்கக் கற்றவள் என்பதால், எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் உண்மை வேறு. பிட்ஸ்பர்க் நகரில் கரும்புப் பாகு விற்றுவந்த டஃப் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம் 1935-இலேயே பெற்ற காப்புரிமையில், இல்லத்தரசிகள் புது முட்டையையே விரும்புவதாகத் தெரிகிறது என்று எழுதி, மாவுக் கலவையிலிருந்து உலர்முட்டையை, அதாவது முட்டைப் பொடியை, எடுத்துவிட்டது. டிக்டர் அமெரிக்காவுக்கு வந்ததே 1938-இல். அப்புறம், உலர்முட்டை சேர்த்த கேக் பாத்திரத்தில் ஒட்டும், அதில் ஒரு வாடையும் இருக்கும். பெரிய நிறுவனங்கள் 1947, 48-இல் களத்தில் இறங்கியபோது ஒரு நிறுவனம் புது முட்டை கேட்டது, இன்னொன்று உலர்முட்டையையே கலந்து கொடுத்தது. இரண்டும் விற்றன.

அதற்காக டிக்டரை விட்டுவிடச் சொல்லவில்லை. 1963-இல் வெளியான தன் நூலுக்காக, பெண்ணுரிமை எழுத்தாளர் பெட்டி ஃபிரீடன் டிக்டருடைய ஆய்வு நிலையத்துக் கோப்புகளைப் போய்ப் பார்த்தார். உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டியது அதைத்தான். அந்தக் கோப்புகளில் இருந்த, 1945-இல் நடந்த ஓர் ஆய்வு பெண்களை மூன்றாகப் பிரித்திருந்தது. வீட்டையே உலகமாகக் கொண்டவள் முதல் வகை. இவள் புதுக் கருவிகளைச் சந்தேகத்தோடு பார்ப்பாள். எல்லாவற்றையும் மெஷினே செய்துவிட்டால் தன் கைக்கு என்ன மதிப்பு என்று நினைப்பாள். வேலைக்குப் போகிறவள், அல்லது போக ஆசைப்படுகிறவள், இரண்டாம் வகை. இவள் விற்பனைக்கு ஆகமாட்டாள், குறை கண்டுபிடிப்பாள். மூன்றாவதாக ஒருத்தி: வெளியுலகத்தில் கொஞ்சம் ஈடுபாடு உண்டு, ஒரு காலத்தில் வேலை பார்த்தும் இருக்கலாம், ஆனால் இப்போது தன் திறமையை எல்லாம் வீட்டு நிர்வாகத்தில் காட்டுகிறவள். கருவிகளின் உதவியை ஏற்பாள், பெருமையைத் தனக்கு வைத்துக்கொள்வாள். இந்த மூன்றாமவள்தான் தங்கச் சுரங்கம், இவளைப் போன்றவர்களின் எண்ணிக்கையைப் பெருக்குங்கள் என்பது வியாபாரிகளுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை. போர்க்காலத்தில் தொழிற்சாலைகளில் வெல்டிங்கும் ரிவெட்டும் அடித்த பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆண்டும் அதே 1945தான். அந்தக் கைகளுக்கு இனி என்ன வேலை கொடுப்பது என்று ஒருவர் யோசித்திருக்கிறார் பாருங்கள்!

கொடுத்த வேலை என்ன? கண்ணுக்குத் தெரியாத அழுக்கு. தரை பளபளத்தால் போதாது, இடுக்கில் கிருமி இருக்கிறது. துணி வெளுத்தால் போதாது, பக்கத்து வீட்டுக் கொடியில் தொங்குவதைவிட வெளுக்க வேண்டும். ஜன்னலுக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று, குளியல் தொட்டிக்கு ஒன்று என்று தனித்தனிப் புட்டிகள். ஒவ்வொன்றையும் எதற்குப் பயன்படுத்துவது என்று தெரிந்தவள் நிபுணி என்ற பெருமை வேறு. 60-களின் கடைசியில் விஸ்க் என்ற சோப்புத் திரவத்துக்காக வந்த தொலைக்காட்சி விளம்பரங்களைப் பாருங்கள். கணவனின் சட்டைக் காலரில் அழுக்கு வளையம், ஊர் சிரிக்கிறது, முகம் சுருங்குவது மனைவிக்கு. அவன் கழுத்தை அவன் தேய்த்துக் குளித்திருக்கலாமே என்று அந்த விளம்பரத்தில் ஒருவரும் கேட்பதில்லை.

இதன் விளைவை மணிக்கணக்கில் அளந்து பார்த்தவர் ஜோன் வானெக் என்ற அமெரிக்க ஆய்வாளர். வேலைக்குப் போகாத அமெரிக்க இல்லத்தரசி 1924-இல் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டுவேலை செய்தாள். 60-களில் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், வாக்வம் கிளீனர் எல்லாம் வந்த பிறகு 55 மணி நேரம். துணி துவைக்கும் நேரம் குறையவே இல்லை, கூடியிருந்தது. மெஷின் வந்ததும் வண்ணானுக்குப் போட்ட துணியும் வீட்டுக்கே வந்தது, வாரம் ஒருமுறை மாற்றிய சட்டையைத் தினம் மாற்றினார்கள். வகுப்பில் இந்தக் கணக்கைச் சொன்னால் மாணவிகள் நம்பமாட்டார்கள். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்துப் பார்க்க வரும்போது நம்புவார்கள்.

எங்கள் துறையின் பங்கையும் நான் மறைக்கக் கூடாது. பெட்டி க்ரோக்கர் என்றொரு பெண் பிறக்கவே இல்லை. மினியாபொலிஸ் நகரத்து மாவு மில் ஒன்று, இல்லத்தரசிகளின் சமையல் சந்தேகங்களுக்குப் பதில் எழுதிக் கையெழுத்துப் போட 1921-இல் உண்டாக்கிய பெயர் அது. 1945-இல் ஃபார்ச்சூன் பத்திரிகை, அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினாருக்கு அடுத்தபடி அமெரிக்காவில் மிகப் புகழ்பெற்ற பெண் இவர்தான் என்று எழுதியது. அந்தப் பெயருக்குப் பின்னால் உட்கார்ந்து பதில் எழுதியவர்கள் மனையியல் படித்த பெண்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய மார்ஜரி ஹஸ்டட், வீட்டில் தனியாகக் கிடந்து உழைக்கும் பெண்களுக்கு 'உனக்கும் மதிப்பு உண்டு' என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது என்று பின்னாளில் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை என்றே நினைக்கிறேன். அந்த ஆறுதலோடு ஒரு மாவுப் பொட்டலமும் போனது, அவ்வளவுதான்.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று. 1950-இல் அமெரிக்கப் பெண்களில் மூன்றில் ஒருவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். விளம்பரங்களில் அவர் எங்கே? கறுப்பினப் பெண்கள் எங்கே? 1940-இல் வேலை பார்த்த கறுப்பினப் பெண்களில் பத்தில் ஆறு பேர் அடுத்தவர் வீட்டில் வீட்டுவேலை செய்தவர்கள். அந்தப் பளபளத்த தரைகளில் பல அவர்கள் தேய்த்தவை. வெகுஜனப் பத்திரிகைகளின் பக்கங்களில் அவர்களுக்குக் கிடைத்த இடம், பான்கேக் மாவுப் பெட்டியில் தலைத்துணி கட்டிச் சிரிக்கும் ஆண்ட் ஜெமைமா.

கிறிஸ்துமஸுக்கு மனைவிக்கு ஹூவர் வாக்வம் கிளீனர் வாங்கிக் கொடுங்கள் என்ற விளம்பரத்தைக் கேலி செய்திருந்தீர்கள். 80-களின் தூரதர்ஷனை மறந்துவிட்டீர்களா? மனைவியிடம் அன்புள்ளவர் பிரெஸ்டீஜை எப்படி மறுப்பார் என்று இந்தியில் கேட்டது நம் ஊர் டி.டி.கே. குக்கர்தான். என் வீட்டுக்காரரும் அதைப் பார்த்துத்தான் வாங்கி வந்தார். விசில் வந்தால் அடுப்பை அணைக்க மட்டும் நான் எழுந்து போக வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டப்பர்வேர் படம் போட்டிருந்தீர்கள், ப்ரௌனி வைஸ் பெயரைப் போடவில்லை. ஏர்ல் டப்பரின் டப்பாக்கள் கடைகளில் தூங்கிக்கொண்டிருந்தன. மூடியை எப்படி அழுத்திக் காற்றை வெளியேற்றுவது என்று வாங்க வந்தவர்களுக்குப் புரியவில்லை. வைஸ், வீடுகளில் பெண்களைக் கூட்டி, தண்ணீரோ பழரசமோ நிரப்பிய டப்பாவைத் தூக்கியெறிந்து காட்டி விற்றார். 1951-இல் டப்பர் கடைகளிலிருந்து சரக்கை எடுத்துவிட்டு விற்பனை முழுவதையும் இவரிடம் ஒப்படைத்தார். 1954-இல் பிஸினஸ் வீக் அட்டையில் வந்த முதல் பெண் இவர். 1958-இல் வேலையைவிட்டு நீக்கினார்கள். நிறுவனத்தில் ஒரு பங்குகூட அவர் பெயரில் இல்லை. ஓராண்டுச் சம்பளம், சுமார் 30,000 டாலர், கையில் கொடுத்து அனுப்பினார்கள். 'ஒரு பெண்ணால்கூடத் திறக்க முடியுமா' என்று மூடியை வைத்து அல்கோவா கேட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மூடியை வைத்தே ஒரு வியாபாரத்தை நிமிர்த்திக் காட்டியவர் வைஸ். அவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். முட்டைக் கதைக்கு ஒரு திருத்தமும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை,
திருச்சி.