படத்தை முடியும்வரை ஓட்டுங்கள்: சேலம் திரையரங்கு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திரையரங்கு உரிமையாளர்களுக்கும், மேலாளர்களுக்கும், ஆபரேட்டர் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சியில் நடந்தது உங்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். அரங்கத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இந்தப் பழக்கம் ஓர் அரங்கத்தோடு நிற்பதும் இல்லை. சூப்பர் ஹீரோ படம். கடைசிச் சண்டை முடிந்து இயக்குநரின் பெயர் வந்ததுமே விளக்குகள் எரிந்தன, வெளிக்கதவு திறந்தது, திரை வெளுத்துப் போனது. பெயர்ப் பட்டியலுக்கு நடுவிலும் அதன் முடிவிலும் வரவேண்டிய காட்சிகளுக்காக உட்கார்ந்திருந்தவர்களிடம், "படம் முடிந்துவிட்டது, கிளம்புங்கள்" என்றார் ஊழியர். கையில் துடைப்பம் இருந்தது. படம் முடியவில்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், மேலே புரொஜக்டர் அறையில் இருந்தவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

என் கோரிக்கை ஒரே வரிதான். படத்தை முடியும்வரை ஓட்டுங்கள்.

இது ஒரு சின்ன விஷயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். நகரத்துக்குள் வீடு இருப்பவருக்குச் சின்ன விஷயம்தான். நான் ஏற்காட்டிலிருந்து வருகிறேன். எங்களுக்கு ஒரு படம் பார்ப்பது என்றால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, மறுபடியும் அதே 20 வளைவுகள் ஏறுவது. மாலைக் காட்சி முடியும் நேரமும் மலைக்குக் கடைசிப் பஸ் கிளம்பும் நேரமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டுதான் நிற்கும். படம் முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் எழுந்து ஓடினால் பஸ் கிடைக்கும். உட்கார்ந்திருந்தால் கிடைக்காது. அன்று என்னோடு அக்கா மகனும் அவனுடைய நண்பனும் வந்திருந்தார்கள். இருவரும் பள்ளிப் பையன்கள். நண்பனின் அப்பா காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார். அவன் அரங்கத்துக்கு வருவதே அபூர்வம். பஸ்ஸா, கடைசிக் காட்சியா என்று இடைவேளையிலேயே பேசி முடிவெடுத்தோம். காட்சி என்றார்கள் பையன்கள். சரி, வாடகைக் காரில் போய்க்கொள்ளலாம் என்றேன்.

பஸ்ஸை விட்டோம். காட்சியையும் நீங்கள் காட்டவில்லை. கார்க்காரர் கேட்ட தொகை எங்கள் மூவரின் டிக்கெட் விலையைத் தாண்டிவிட்டது. அதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். ஏறும் வழியெல்லாம் பையன்கள் இருவரும் அந்தக் காட்சியில் யார் வந்திருப்பார் என்று ஆளுக்கொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் மாலை விடை தெரிந்துவிட்டது. எப்படி என்கிறீர்களா? எவரோ அரங்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் பிடித்த திருட்டுப் பிரதி. பாதித் திரையை முன்வரிசைக்காரரின் தலை மறைத்திருந்தது, ஒலி தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. அதை இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். திருட்டுப் பிரதி குற்றம் என்று நீங்கள்தானே எச்சரிக்கை போடுகிறீர்கள்? காசு கொடுத்து, பஸ்ஸைத் தவறவிட்டு, நேர்வழியில் பார்க்க வந்த பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பி வைத்தது யார் என்று அமைதியாக யோசித்துப் பாருங்கள்.

இவன் அந்தத் துண்டுக் காட்சிகளின் பெரிய ரசிகன் போலிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை அடுத்த படத்துக்கான விளம்பரம் என்பதே என் கருத்து. 2008-இல் 'அயர்ன் மேன்' முடிந்தபின், இருட்டில் ஒற்றைக்கண் மறைப்போடு நின்ற உளவு அமைப்புத் தலைவர் நிக் ஃபியூரி, நாயகனிடம் நீ மட்டும் தனி ஆள் இல்லை என்று சொன்னபோது அது புதுமையாக இருந்தது. அந்த ஒரு நிமிடம் பின்னாளில் ஒரு நோயாகிவிட்டது. ஒரு படத்தின் முடிவு அந்தப் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற எண்ணமே எடுப்பவர்களுக்குப் போய்விட்டது. விதிவிலக்குகளும் உண்டு. 2012-இல் 'அவெஞ்சர்ஸ்' நாயகர்கள் எல்லாரும் உலகத்தைக் காப்பாற்றிய களைப்பில் ஒரு சிறிய கடையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் மென்றுகொண்டிருப்பார்கள். எதையும் விற்காத காட்சி, அதனாலேயே நல்ல காட்சி. 2018-இல் 'இன்ஃபினிட்டி வார்' முடிவில் ஃபியூரி தூளாகி மறையும் முன் ஒரு பழைய பேஜரில் செய்தி அனுப்புவார். பாதி உலகம் அழிந்த கதையில் மிச்சமிருந்த நம்பிக்கை அந்தச் சின்னக் கருவி மட்டும்தான். அதை வெட்டினால் வேறொரு படத்தைக் காட்டியதாகிறது. 2019-இல் 'எண்ட்கேம்' காட்சி எதையும் வைக்கவில்லை. பெயர்கள் ஓடி முடிந்ததும் இரும்பைச் சுத்தியலால் தட்டும் ஒலி மட்டும் கேட்கும். 'அயர்ன் மேன்' படத்தில் குகைக்குள் நாயகன் டோனி ஸ்டார்க் தன் கவசத்தைத் தட்டிச் செய்த அதே ஒலி. பதினோரு ஆண்டுக் கதைக்கு அதுதான் விடைகொடுத்தல். அந்த ஒலியைச் சேலத்து அரங்கத்தில் கேட்ட ஒருவரையும் நான் இன்றுவரை சந்திக்கவில்லை.

திட்டுவதற்காவது பார்க்க வேண்டாமா, ஐயா? முழுதாகப் பார்க்காத படத்தைப் பற்றி நான் எப்படிக் குறை சொல்வது?

பழைய படங்களில் இந்தத் தொல்லை இல்லை என்பீர்கள். உண்மை. எங்கள் தாத்தா காலத்துப் படங்களில் பெயர்கள் முதலிலேயே வந்துவிடும், கடைசியில் 'சுபம்' என்று ஓர் அட்டை. ஆபரேட்டருக்கும் சந்தேகம் இல்லை, பார்ப்பவருக்கும் இல்லை. ஆனால் பழைய படங்களிலும் நிறையும் குறையும் உண்டு. 1978-இல் வந்த 'சூப்பர்மேன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காதலி லோயிஸ் பக்கத்து அறையில் இருக்கும்போது நாயகனாக நடித்த கிறிஸ்டோஃபர் ரீவ் கண்ணாடியைக் கழற்றி, முதுகை நிமிர்த்தி, குரலை ஆழமாக்கி, ஒரு கணம் வேறு மனிதனாகிறார். பிறகு மனம் மாறி மறுபடியும் கூனிக்கொள்கிறார். எந்தக் கணினி வித்தையும் இல்லாமல் ஓர் உடம்பு செய்த வித்தை அது. அதே படம்தான் கடைசியில் பூமியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னுக்கு இழுத்து, இறந்தவளை எழுப்பி, நம்மை ஏமாற்றுகிறது. இறப்புக்கு விலை இல்லாத கதையில் வீரத்துக்கும் விலை இல்லை. இன்றைய படங்கள் காலப்பயணத்தை வைத்துச் செய்யும் எல்லாத் தில்லுமுல்லுகளுக்கும் அங்கேயே விதை இருக்கிறது.

1989-இல் வந்த 'பேட்மேன்' உடையில் மைக்கேல் கீட்டனால் கழுத்தைத் திருப்பவே முடியவில்லை. திரும்ப வேண்டுமென்றால் மார்போடு சேர்ந்து திரும்பினார். படமும் அப்படித்தான், செட் அமைப்பு அழகு, வில்லன் ஜோக்கர் உயிர்த்துடிப்போடு இருக்கிறார், நாயகன் சிலை. 2004-இல் 'ஸ்பைடர்மேன் 2' படத்தில் ரயிலை நிறுத்தி மயங்கி விழுந்தவனை, முகமூடி இல்லாத அந்த முகத்தோடு, பயணிகள் தலைக்கு மேல் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள். இவன் சின்னப் பையன்தானே என்பார் ஒருவர். இந்த வகைப் படங்களில் இன்றுவரை அதற்கு மேல் ஒரு காட்சி வரவில்லை என்பது என் துணிபு. 2008-இல் 'தி டார்க் நைட்' துரத்தல் காட்சிகளில் எந்த வண்டி எந்தப் பக்கம் போகிறது என்றே எனக்குப் புரிவதில்லை. ஆனால் இரண்டு கப்பல்களில் இருக்கும் பொதுமக்கள், கைதிகள் கையில் மற்றக் கப்பலை வெடிக்கவைக்கும் விசையைக் கொடுத்துவிட்டு, யாரும் அழுத்தவில்லை என்று காட்டியதற்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

சேலத்துக்காரர்களுக்கு இதெல்லாம் அந்நியச் சரக்கும் அல்ல. ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனம், 1952-இல் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' என்ற படத்தைத் தயாரித்தது. யானைகளுக்கு ரோமம் போர்த்தி ஆதிகால மாமூத்களாக நடிக்க வைத்த படம். அதில் நடித்த சீசர் ரொமேரோதான் 1966-இல் தொலைக்காட்சி 'பேட்மேன்' தொடரில் ஜோக்கராக வந்தவர். மீசையை எடுக்க மறுத்து, அதன் மேலேயே வெள்ளைப் பூச்சைப் பூசிக்கொண்டவர். ஜோக்கர், ஜோக்கர் ஆவதற்கு முன்பே நம் ஊர் நிறுவனத்தின் படத்தில் நடித்துவிட்டார்! 1956-இல் அலிபாபாவை வண்ணத்தில் எடுத்து மாயக் குகையைத் திறந்து காட்டிய ஊர் இது. மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவிய டி.ஆர். சுந்தரம் படம் எடுத்த ஊரில், படத்தை முழுதாகக் காட்டுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது.

நம்மவர் படங்களும் இப்போது நன்றாகவே வருகின்றன. 2023-இல் 'மாவீரன்' கோழையின் காதில் ஒரு குரலை ஒலிக்கவிட்டு, அந்தக் குரல் நின்றால் இவன் என்ன செய்வான் என்று கேட்டது. நல்ல கேள்வி. 2021-இல் 'மின்னல் முரளி' வில்லனாகக் குரு சோமசுந்தரத்தைப் போட்டு, நாயகனைவிட அவருக்காக நம்மை வருந்த வைத்தது. அது நேரே இணையத்தில் வெளியானதால் எந்த ஆபரேட்டரும் கைவைக்க முடியவில்லை. மலையாளிகள் முன்யோசனைக்காரர்கள்.

நீங்கள் வெட்டாதவை எவை என்றும் சொல்லிவிடுகிறேன். நகைக்கடை விளம்பரத்தை வெட்டுவதில்லை. வீட்டுமனை விளம்பரத்தை வெட்டுவதில்லை. ஒரே மனையை ஒரே காட்சியில் இரண்டு முறை விற்கிறீர்கள். இடைவேளையே இல்லாமல் எடுக்கப்பட்ட ஆங்கிலப் படத்தில், ஒருவர் வாய்திறந்து ஒரு ரகசியத்தைச் சொல்லப்போகும் நேரம் பார்த்து இடைவேளை விடுகிறீர்கள், ஏனென்றால் பாப்கார்ன் ஆறிவிடும். அந்தப் பாப்கார்ன் விலையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. முப்பரிமாணக் கண்ணாடிக்குத் தனிக் காசு வாங்கிக்கொண்டு, இருட்டுச் சண்டையை மேலும் இருட்டாக்கிக் காட்டுவதைப் பற்றியும் பேசவில்லை. காட்சி தொடங்கும் முன் தணிக்கைச் சான்றிதழைத் திரையில் காட்டுகிறீர்கள். படத்தின் நீளம் எத்தனை நிமிடம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பந்திக்கு அழைத்துவிட்டு, பாயசம் வரும் முன் இலையை மடிக்கச் சொல்கிற வீட்டில் யாராவது மறுபடி சாப்பிடப் போவார்களா?

மன்னிக்கவும். கேட்க வந்தது வேறு.

இரண்டு காட்சிகளுக்கு நடுவே அரங்கத்தைச் சுத்தம் செய்ய உங்களுக்கு நேரம் வேண்டும் என்பது நியாயம். அந்த வேலையைச் செய்யும் அக்காக்களின் அவசரம் எனக்குப் புரிகிறது. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இன்று படம் சுருளில் ஓடவில்லை. விளக்கு எந்த நிமிடத்தில் எரிய வேண்டும் என்பதைக் கணினியில் முன்கூட்டியே பதிந்துவைக்கிறீர்கள். அந்த நிமிடத்தை மாற்றிப் பதிந்தால் போதும். பெயர்கள் ஓடும்போது ஓர விளக்குகளை மட்டும் மங்கலாகப் போடுங்கள். எழுந்து போகிறவர்கள் போகட்டும், காலியான வரிசைகளில் கூட்டத் தொடங்கட்டும். எங்கள் காலைக் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறோம். அடுத்த காட்சியைப் பத்து நிமிடம் தள்ளி அறிவியுங்கள். வீட்டுமனையை ஒரு முறை மட்டும் விற்றாலே அதில் பாதி கிடைத்துவிடும். அந்தப் பெயர்ப் பட்டியலை ஒரு முறை நின்று வாசித்தும் பாருங்கள். கிராபிக்ஸ் வேலை செய்த நூற்றுக்கணக்கானவர்களில் நம் நாட்டுப் பிள்ளைகளின் பெயர்களும் வரிசையாக வரும். அமெரிக்க நாயகனைப் பறக்கவைத்ததில் அவர்கள் கையும் இருக்கிறது.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்கிறேன்: படத்தை முடியும்வரை ஓட்டுங்கள். உங்கள் முடிவு எதுவானாலும் அடுத்த பெரிய படம் வெளியாகும் முன் டிக்கெட் கவுன்ட்டரில் ஒரு தாள் ஒட்டுங்கள். ஓட்டுவதாக இருந்தால், படம் உண்மையில் முடியும் நேரத்தை அதில் எழுதுங்கள். ஓட்ட முடியாது என்றால், "இங்கே படம் முழுதாகக் காட்டப்படாது" என்று எழுதி, டிக்கெட் விலையையும் அதற்கேற்பக் குறைத்துப் போடுங்கள்.

நன்றியுடன்,
ஏற்காட்டிலிருந்து ஒரு ரசிகன்