தலைக்காசு

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள நெட்டை,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், பதில் எழுத உட்காரும்போதெல்லாம் பேனா நகரவில்லை. "நீ வாத்தியாராய் இருந்தவன், உனக்குத் தெரியாததா? பேத்தியை, ஒருத்தன் வந்து சொன்ன அந்தச் சமையற்கலைக் காலேஜில் சேர்க்கலாமா, சொல்" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். அதற்குப் பதில் சொல்வதற்குமுன் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஊரில் எல்லாரும் சுகம். நாம் பிறந்த தோட்டத்து லயவீடுகள் இருந்த இடத்தில் செம்பனை மரம்கூட இப்போது இல்லை, தாமான் என்று வீட்டுக் குடியிருப்பு வந்துவிட்டது. முனியாண்டி கோயில் மட்டும் இரண்டு வீட்டு வேலிக்கு நடுவே தப்பித்து நிற்கிறது. சரி, கதைக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்குமுன், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த வாரம். அந்த வெயிலில் டை கட்டிய ஒரு பையன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். அட்டையில் 'கல்வி ஆலோசகர்' என்று போட்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் பால்வெட்டியவரின் மகன் என்றதும் எனக்கு மனம் இளகிவிட்டது. உட்காரவைத்துக் கோப்பி கொடுத்தேன். அவன் கேட்டது ஒன்றுதான். "சார், நம்ம பிள்ளைகள் பேரைக் கொடுங்க, நாங்க போய்ப் பேசிக்கிறோம். சேர்ந்து ஒரு மாசம் தாண்டினா உங்களுக்குத் தலைக்கு ஐந்நூறு வெள்ளி." சமூக சேவை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்று பேர் பெயரைக் கொடுத்தேன். இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஆயிரம் வெள்ளி வாங்கினேன். அதில் என் வீட்டுக்காரிக்கு, அதான் உன் தங்கச்சிக்கு, கண்ணாடி மாற்றினோம், மிச்சத்தை உறையிலேயே வைத்தேன்.

சேர்ந்த இருவரில் ஒரு பெண் நன்றாகவே படித்தாள். இப்போது ஈப்போவில் கணக்கு வேலை. அதையும் சொல்லிவிடுகிறேன், எல்லாமே மோசடி என்று நீ நினைத்துவிடக் கூடாது.

இன்னொருவன் மூன்று வீடு தள்ளி இருக்கும் லாரிக்காரரின் மகன். எஸ்.பி.எம்.மில் தமிழில் மட்டும்தான் கிரெடிட், அதாவது நல்ல தேர்ச்சி. டிப்ளோமாவுக்குக் குறைந்தது மூன்று கிரெடிட் வேண்டும். அது டை கட்டியவனுக்கும் தெரியும், முப்பது வருடம் பாடம் நடத்திய எனக்கும் தெரியும். 'வாகனத்துறை டிப்ளோமா' என்று அவன் வாய் கூசாமல் சொன்னான், நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். "இன்னும் இரண்டு இடம்தான் பாக்கி, இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் பதிவுக் கட்டணம் இல்லை, மடிக்கணினி இலவசம்." பையனின் அம்மா என் முகத்தைத்தான் பார்த்தாள். அவள் கையெழுத்துப் போட்டது அந்தக் கல்லூரியை நம்பி அல்ல, என்னை நம்பி.

கோலாலம்பூர் போனபிறகுதான் தெரிந்தது, அது கல்லூரி தானே அச்சடித்துக் கொடுக்கும் ஒரு சிஜில், வெறும் சான்றிதழ், பெயரில் மட்டும் டிப்ளோமா ஒட்டிக்கொண்டிருக்கிறது. படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அரசாங்க அமைப்பான எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் அந்தப் படிப்பு இல்லை. இல்லாததால் அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். கல்விக் கடனும் இல்லை. பையனின் அப்பாவுக்கு ஐம்பது வயது முடிந்திருந்தது. அந்த வயதில் எடுக்கலாம் என்றிருக்கிற சேமநிதிப் பணத்தை எடுத்துக் கட்டினார், ஒன்பதாயிரம் வெள்ளி. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பழைய புரோட்டோன் கார் எஞ்சின், அதுவும் ஓடாது. சேர்ந்த எட்டாம் மாதம் பையன் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். இப்போது டயர் கடையில் நிற்கிறான். நான் அந்தப் பக்கம் போனால் "வணக்கம் சார்" என்கிறான், அதே மரியாதையோடு. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

உறையை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். செலவானதையும் சேர்த்து ஐந்நூறாக்கி வைத்திருந்தேன். லாரிக்காரர் வாங்கவில்லை. "உங்களுக்கு வந்த காசு சார், நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அன்று ராத்திரி என் தாத்தா ஞாபகம் வந்தது. உன் தாத்தாவையும் என் தாத்தாவையும் இங்கே கூட்டிவந்தது யார்? தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணி. அவனும் அந்நிய ஆள் இல்லை, அதே கிராமம், அதே சாதிசனம். அதனால்தான் நம்பினார்கள். கூட்டிவந்த தலைக்கு இவ்வளவு என்று தோட்டத் துரை அவனுக்குக் கொடுத்தான். அப்புறம் அந்த ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சின்னத் தொகை, அதுதான் தலைக்காசு. கப்பலேறும்போதே கடன் தலையில் ஏறிவிடும். 1938-இல் இந்திய அரசாங்கம் அப்படி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. எண்பத்தைந்து வருடம் கழித்து அதே தொழிலை நான் சட்டைப் பையில் பேனாவோடு செய்திருக்கிறேன்.

அதன்பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் இது பெரிய ரகளையாகவே நடந்திருக்கிறது. லாபத்துக்கு நடக்கும் 30 கல்வி நிறுவனங்களை அங்குள்ள செனட் குழு ஒன்று ஆராய்ந்து 2012-இல் அறிக்கை வெளியிட்டது. 2010-இல் அந்த முப்பதிலும் மாணவர் பிடிக்க மட்டும் இருந்த ஆட்கள் 35,202 பேர். படித்து முடித்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்க இருந்தவர்கள் 3,512. பத்துக்கு ஒன்று! மாணவனிடம் பேசும்போது அவனுடைய மனக்காயம் எது என்று கண்டுபிடித்து அதிலே அழுத்து என்று சில நிறுவனங்கள் பயிற்சித் தாளிலேயே எழுதி வைத்திருந்தன. அந்த இடத்தைப் படித்தபோது அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தது ஞாபகம் வந்தது.

இத்தனைக்கும் அங்கே அரசாங்க உதவிப் பணம் வாங்கும் கல்லூரி, ஆள் சேர்ப்பவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கக் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. 2002-இல் பன்னிரண்டு விதிவிலக்குகளைப் போட்டு ஓட்டையாக்கினார்கள், 2011-இல்தான் அடைத்தார்கள். கொரிந்தியன் என்ற பெரிய நிறுவனம் 2015-இல் இழுத்து மூடியது. அங்கே படித்த ஐந்து லட்சத்து அறுபதாயிரம் பேரின் கடனை 2022-இல் அரசாங்கமே தள்ளுபடி செய்தது, 580 கோடி டாலர். நம் லாரிக்காரருக்கு யார் தள்ளுபடி செய்வது?

அந்த டை பையனைத் திட்டிக் கடிதம் எழுதலாம் என்றிருந்தேன். போன வாரம் அவனே கூப்பிட்டான். "சார், இந்த வருஷம் அறுநூறு." மாதத்துக்கு எத்தனை தலை கேட்கிறார்கள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "பதினைந்து சார், குறைஞ்சா அடிப்படைச் சம்பளம் மட்டும்தான்" என்றான். அவனுக்கும் வீட்டில் தங்கை படிக்கிறாள். திட்ட வாய் வரவில்லை. பெயர் கொடுக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

இப்போது உன் பேத்தி விஷயம். சமையற்கலை படிக்க ஆசை, நல்ல தொழில்தான். 'எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உண்டு' என்று வந்தவன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். அவள் சேரப்போகும் படிப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து அங்கே இருக்கிறதா என்று அவளையே பார்க்கச் சொல். தற்காலிக அங்கீகாரம் என்று ஒன்று உண்டு, புதிதாகத் தொடங்கும் படிப்புக்குக் கொடுப்பது. அது தப்பில்லை, ஆனால் அதை மறைத்து 'முழு அங்கீகாரம்' என்றால் எழுந்து வந்துவிடு. எஸ்.கே.எம். என்ற தொழில்திறன் சிஜில் என்றால் பார்க்க வேண்டிய இடம் வேறு, திறன் மேம்பாட்டுத் துறை. அங்கேயும் எந்தத் தொழில், எந்த நிலை என்று தனித்தனியாகத்தான் அனுமதி. பி.டி.பி.டி.என். பணம் இனாம் என்று அவன் சொல்லியிருந்தால் அதையும் எனக்கு எழுது. படிப்பைப் பாதியில் விட்டாலும் அந்தக் கடன் விடாது.

உல்லாசக் கப்பலில் வேலை நிச்சயம் என்றானாமே? போன வருடம் முடித்தவர்களில் மூன்று பேரின் தொலைபேசி எண்ணைக் கேள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தே கேள்: "என் பேத்தி சேர்ந்தால் உனக்கு எவ்வளவு தம்பி?"

எங்கள் ஊரிலேயே ஒரு கொலேஜ் கொமுனிட்டி, சமூகக் கல்லூரி, இருக்கிறது, அரசாங்கத்தது, கட்டணம் சொற்பம். அங்கிருந்து டை கட்டிக்கொண்டு ஒருவரும் என் வீட்டுக்கு வந்ததில்லை. உங்கள் கிள்ளான் பக்கம் அப்படி எது இருக்கிறது, அதில் சமையல் படிப்பு உண்டா என்று விசாரி. லாரிக்காரர் மகனுக்கும் அந்த மாதிரி ஓரிடத்தில் எஸ்.கே.எம். விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பாரத்தை நான்தான் நிரப்பினேன், அவன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். கிடைக்குமா, பார்ப்போம். உறை இன்னும் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. இடம் கிடைத்தால் ஹாஸ்டலுக்கு ஆகும்.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி வா. பேத்தியையும் கூட்டி வா. அவன் கொடுத்த தாள் எல்லாவற்றையும் கொண்டு வா, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை முக்கியமாக. அதுவரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். டுரியான் இன்னும் விழவில்லை, வந்தால் கோப்பிதான்.

அன்புடன்,
குட்டை