பெட்டி மூடியில் பசை வேண்டாம்

ஐயா,

ஞாயிறு இணைப்பில் வந்த தேக்குப் பெட்டி செய்முறை பயனுள்ளதுதான். ஆனால் மூடியின் செதுக்கிய பலகையைச் சட்டத்தில் பசை வைத்து இறுக்கச் சொன்னது தவறு. ஒன்றேகால் அடி அகலத் தேக்குப் பலகை மழைக்கும் கோடைக்கும் இடையே ஏறக்குறைய ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) விரிந்து சுருங்கும். நீளவாக்கில் அசைவு அநேகமாக இல்லை. நான்கு பக்கமும் ஒட்டினால் கோடையில் பூவேலையின் நடுவிலேயே வெடிக்கும். மக்கு (வெடிப்பை அடைக்கும் பூச்சு) வைத்தும் மறையாது.

சட்டத்தின் உள்விளிம்பில் மூன்று நூல் ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, பலகையை இரண்டு நூல் மட்டும் உள்ளே விட்டு, பசையில்லாமல் நிறுத்த வேண்டும். பசை சட்டத்தின் நான்கு மூலைகளுக்கு மட்டுமே. ஆறு நூல் பலகையில் இரண்டு நூலுக்கு மேல் செதுக்கக் கூடாது. பாலிஷை அடிப்பக்கமும் போடுங்கள். மேலே மட்டும் போட்டால் மூடி வளையும்.

பித்தளைத் திருகாணியைத் தேக்கில் துளையிடாமல் நேராக முடுக்கினால் தலை முறிந்து கையோடு வரும். துளையிட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை ஒருமுறை ஏற்றி இறக்கியபின் பித்தளையைப் போடலாம்.

பெட்டிக்குள் ஆளி விதை எண்ணெய் தடவச் சொன்னதும் சரியல்ல. காற்றோட்டமில்லாமல் சிக்கு வாடை பிடித்து பட்டுப்புடவையில் ஏறிவிடும். உள்ளே அரக்கு பாலிஷ் போதும்.

– தச்சுப் பட்டறைக்காரர், காரைக்குடி