கண்ணில் தண்ணீர் கொட்டுது என்றாயே

பாலக்கோடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாய். திரையில் வெயில் பளபளத்தது. கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, மணிக்கட்டால் தேய்த்துக்கொண்டே வேலை பார்த்தாய். சாயங்காலம் தலைவலி மாத்திரை. நான் டிவி பார்ப்பதாக நினைத்திருப்பாய். நீ இமைப்பதை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிஷத்துக்கு ஆறு. சாதாரணமாகச் சுமார் 15 தடவை இமைக்க வேண்டுமாம்.

கண் வறண்டுபோயிருக்கிறது என்று நான் சொன்னதற்கு, "தண்ணியா கொட்டுது, இதுல எங்கப்பா வறட்சி?" என்று கேட்டாய். நானும் டாக்டரிடம் இதையேதான் கேட்டேன். இமைக்காவிட்டால் கண் காய்ந்துபோகும். அந்த எரிச்சலில்தான் தண்ணீர் சுரக்கிறது. ஆனால் அது கண்ணில் தங்காமல் வழிந்துவிடும்.

உன் அப்பன் செய்த முட்டாள்தனத்தையும் கேள். கறுப்புத் துணி தைத்துத் தைத்துக் கண் சிவந்தபோது, மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை மூன்று மாதம் விட்டேன். சிவப்பு போனதில் எனக்கு ஒரே சந்தோஷம். டாக்டர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் திட்டினார். அதில் ஸ்டீராய்டு; கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றி, வலியே தெரியாமல் பார்வையைக் கெடுத்துவிடுமாம். நீ அப்படி எதையும் வாங்காதே.

20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால் இருப்பதை 20 விநாடி பார். உன் பெங்களூர் அறை பத்தடிகூட இருக்காது, ஜன்னலுக்கு வெளியே பார். எனக்குத் தையல் மிஷின் பாபினில் நூல் தீர்ந்தால் அதுதான் மணி. நிமிர்ந்து எதிர்ப் புளியமரத்தைப் பார்ப்பேன். வேடிக்கை பார்க்கிறேன் என்று உன் அம்மா திட்டுவாள். திட்டட்டும்.

திரை கை நீட்டும் தூரத்தில், மேல் விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். ஏசி காற்று முகத்தில் அடிக்க வேண்டாம். நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி வாங்கப்போகிறேன் என்றாயே, அதனால் கண் அயர்ச்சி குறையும் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லையாம். அந்தக் காசில் தனி கீபோர்டு வாங்கி, லேப்டாப்பை உயர்த்தி வை.

அப்புறம், பவர் மாறியிருக்கிறதா என்று ஒரு நாள் லீவு போட்டுப் பார்த்துவிடு. சோதிக்கும்போது கண்பாவை விரிய மருந்து விட்டால் சில மணி நேரம் திரை மங்கலாகத்தான் தெரியும்.

அம்மா புளி கட்டி வைத்திருக்கிறாள். வந்தால் எனக்குக் கறுப்பு நூல் ஐந்தாறு ஊசியில் கோத்து வைத்துவிட்டுப் போ. இப்போதெல்லாம் எனக்கு வெள்ளை நூல்தான் துளையில் நுழைகிறது.

அப்பா