வாலுவுக்கு ஒரு வீடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைநீர்க் கால்வாயிலிருந்து மீட்கப்பட்டு, ஐந்து மாதங்களாக என் பொறுப்பில் வளர்ந்துவரும் நாய் ஒன்றுக்கு நிரந்தர வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். அதைப் பார்க்க வந்தவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டே இக்கடிதத்தை எழுதத் தோன்றியது.

வாலு என்பது அதன் பெயர்; பெயர்ப்பொருத்தத்துக்குக் குறைவில்லை. வயது ஒன்றேகால் இருக்கும் என்பது கால்நடை மருத்துவரின் கணிப்பு. கருத்தடை செய்தாயிற்று, வெறிநோய்த் தடுப்பூசி உட்படப் போட வேண்டியவற்றையும் போட்டாயிற்று. வருகிறவர்கள் சொல்லும் குறை ஒன்றே ஒன்றுதான்: "ரொம்ப ஆடுகிறதே!"

ஆடத்தான் செய்கிறது. புதியவர் வாசலில் கால் வைத்ததும் முன்னங்கால்களைத் தரையோடு நீட்டி, மார்பைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு குரல் குரைக்கும். விளையாட வா என்று ஒரு நாய் இன்னொரு நாய்க்கு விடுக்கும் அழைப்பு அது. பாயப் போகிறது என்றெண்ணிப் பின்வாங்கியவர்களே அதிகம். மேலே தாவும்போது கத்தினாலும் கையால் தள்ளினாலும் அதையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும். முகம் கொடுக்காமல் திரும்பி நின்று, நான்கு கால்களும் தரையில் பட்ட பிறகு தடவிக்கொடுத்தால், தாவுவதில் பயனில்லை என்று தானாகவே விளங்கிக்கொள்ளும். எனக்கு இது பிடிபடவே ஒரு மாதம் ஆயிற்று.

இன்னொன்றும் தாமதமாகத்தான் புரிந்தது. நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகப் பிரிந்து தெரியுமே தவிர, சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். புல்லில் நான் வீசிய சிவப்புப் பந்தை அது மூக்கால் துழாவிக்கொண்டு நின்றதைக் கண்டு மந்தம் என்று நினைத்துவிட்டேன். நீலப் பந்து வந்த நாளிலிருந்து மந்தம் என் பக்கம்தான்: பந்தைக் கொண்டுவந்து என் பாதத்தின் மேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்கும்; நான் குனிவதற்குள் கவ்விக்கொண்டு ஓடிவிடும்.

இதற்கு முன் ஒரு குடும்பத்தினர் ஆசையாக அழைத்துச் சென்று, ஒன்பதாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். காலை முதல் மாலை வரை யாருமில்லாத வீட்டின் பால்கனியில் கட்டப்பட்டிருந்த நாய், கைக்கெட்டிய செருப்புகளைக் கடித்துக் குதறியிருக்கிறது. அவர்களைக் குறை கூற மாட்டேன். புது இடத்தின் மிரட்சி தணியச் சில நாட்களும், வீட்டின் வழக்கம் பிடிபடச் சில வாரங்களும், இது நம் வீடு என்று நம்பச் சில மாதங்களும் ஆகும் என்பதை அழுத்திச் சொல்லாமல் அனுப்பியது என் பிழை. குட்டிப் பருவம் முடிந்து முதிர்ச்சி வராத இந்த வயதில் எந்த நாயும் இப்படித்தான் இருக்கும். பெரும்பாலானவை இரண்டு வயதுக்குள் அடங்கிவிடும். கைவிடப்படும் நாய்களில் பல இந்த இடைவெளியில் அகப்பட்டுக்கொண்டவை என்பதே என் வருத்தம்.

நாள் முழுவதும் வீட்டைப் பூட்டிச் செல்பவர்களும் தவழும் குழந்தை உள்ளவர்களும் இப்போதைக்கு வாலுவைத் தவிர்ப்பது நல்லது; வயது முதிர்ந்த, சாதுவான நாய்களும் காப்பகங்களில் உண்டு. காலையிலும் மாலையிலும் ஓடவிட நேரமும், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உடன் வைத்துக்கொள்ளும் மனமும் உள்ளவர்கள் தங்கள் இதழின் முகவரிக்கு எழுதினால், நான் தொடர்புகொள்கிறேன். முடிவெடுக்கும் முன் வீட்டிலுள்ள அனைவரும் இரண்டு முறையாவது வந்து பார்க்க வேண்டும். செருப்புகளை மட்டும் வாசலில் விடாமல் மேல்தட்டில் வைத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்