கேளையாட்டுப் படங்களுக்குப் பரிசு தரும் நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காட்டுயிர் ஒளிப்பட, ஓவியப் போட்டிகளை நடத்துவோருக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

கேளையாடு என்ற குரைக்கும் மானைச் சொன்னதும் எல்லோர் கண்ணையும் இழுப்பது ஒரு வகைப் படம்தான். வால் மேலே தூக்கி அடிப்பக்க வெள்ளை பளிச்சென்று தெரியும். கண்ணுக்கு முன்னால் உள்ள சுரப்பி குழிபோல விரிந்திருக்கும். வாய் திறந்திருக்கும், பார்வை நேராக லென்சில் நிற்கும். பார்க்க அருமையான படம். ஆனால் அந்த நேரத்தில் அந்த விலங்கு மிரண்டுபோய்க் கத்திக்கொண்டிருக்கிறது. புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் கத்துகிற அதே கத்தல் அது. எதைப் பார்த்து மிரண்டது என்று தெரிய அதன் பார்வை போகும் திசையைப் பார்த்தாலே போதும். லென்சைப் பார்த்துக் கத்தும் கேளைக்குப் பரிசு கொடுக்காதீர்கள். இந்த மடலின் முதல் வேண்டுகோள் இதுதான்.

இதில் விலங்குக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். கேளை தோளளவில் 50 முதல் 75 செ.மீ. உயரமே உள்ள சிறிய மான். பெரும்பாலும் தனித்தே திரியும். விடியலிலும் அந்தியிலும் சோலை ஓரத்துக்கு வந்து உதிர்ந்த பழமும் இளந்தளிரும் மேயும். கத்தத் தொடங்கினால் சில வேளை ஒரு மணி நேரம்கூட விடாமல் கத்தும். அவ்வளவு நேரமும் மேய்ச்சல் போச்சு. தனக்கென்று ஓர் இடம் வைத்துக்கொண்டு வாழ்வதால், ஒரே சாலை வளைவில் வண்டிகள் நாள்தோறும் நின்றால் தொந்தரவு முழுக்க அந்த ஒரு விலங்கின் தலையில்தான் விழும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது, உப்பு வைப்பது, இரவில் ஸ்பாட்லைட் அடிப்பது ஆகிய மூன்றையும் பெயர் சொல்லியே விதியில் தடை செய்யுங்கள். 'விலங்குக்கு இடையூறு கூடாது' என்று பொதுவாக எழுதி வைத்தால் யாரும் அதைத் தன்னைப் பற்றியது என்று எடுத்துக்கொள்வதில்லை.

இறுதிச் சுற்றுக்கு வரும் படத்துக்கு ராவ் கோப்பை (கேமரா பதிந்தபடியே உள்ள, திருத்தாத மூலக் கோப்பை) மட்டும் கேட்டால் போதாது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த பத்துப் பத்துப் படங்களையும் கேளுங்கள். அமைதியாக மேய்ந்த கேளை என்றால் அந்த வரிசையில் தலை தாழ்ந்திருக்கும், வால் ஒட்டியிருக்கும், இரண்டு காதும் வெவ்வேறு பக்கம் திரும்பியிருக்கும். முதல் படத்திலேயே வால் தூக்கி, கடைசிப் படத்தில் பின்புறம் மட்டும் தெரிந்தால், நடந்தது என்னவென்று உங்களுக்கே விளங்கும்.

நடுவர்கள் தரப்பிலும் ஒன்று மாற வேண்டும். படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரிகிறது என்று ஒதுக்குவதால்தான் பலர் ஃபிளாஷ் அடிக்கிறார்கள். சோலைக்குள் காலை ஆறரை மணி வெளிச்சத்தில் எஃப் 5.6 லென்ஸ் துளையில், 1/200 நொடி வேகத்துக்கே ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200-க்கு மேல் போக வேண்டிவரும். அந்த இரைச்சலை மன்னியுங்கள். நிறத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். இலைக் கூரை வழியே வரும் பச்சை வெளிச்சம் கேளையின் செம்பழுப்பைச் சேற்று நிறமாக்கிவிடும். வெள்ளைச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) அமைப்பில் மெஜந்தா பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் உண்மை நிறம் திரும்பும். பின்னணி இருட்டாக இருப்பதால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி, தொண்டை வெள்ளையை விவரமே தெரியாமல் வெளுக்கடித்துவிடும். வெளிச்ச அளவை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுப்பது நல்லது.

விலங்கு கடக்கும்போது தானே படமெடுக்கும் தானியங்கிக் கேமராவுக்குப் பிரிவு வைத்திருப்பவர்கள், ஃபிளாஷைவிட அகச்சிவப்பு ஒளிக்கு முன்னுரிமை தரலாம். கேமராவைத் தரையிலிருந்து சுமார் 40 செ.மீ. உயரத்தில், தடத்திலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளிக் கட்டினால் கேளை முழுதாக விழும். இடுப்புயரத்தில் கட்டினால் முதுகு மட்டுமே கிடைக்கும், சில வேளை சென்சார் அதைக் கவனிக்காமலே விட்டுவிடும். இரவுப் படம் சாம்பல் நிறத்தில் வருவதால் கடமான் குட்டியோடு குழப்பிக்கொள்வது உண்டு. முகத்தைப் பாருங்கள். கேளையின் நெற்றியில் ஆங்கில 'வி' எழுத்துபோல இரண்டு எலும்பு மேடுகள் எழும்பி நிற்கும், கடமான் குட்டிக்கு அது கிடையாது.

ஓவியப் பிரிவில்தான் தவறுகள் அதிகம், அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். ஓவியர்கள் புள்ளிமான் கொம்பைச் சிறிதாக்கிக் கேளையின் தலையில் ஒட்டிவிடுகிறார்கள். கேளைக் கிடாவின் கொம்பு மண்டையிலிருந்து நேராக முளைப்பதில்லை. நெற்றியின் அந்த இரண்டு மேடுகளும் பின்னோக்கி நீண்டு, மயிர் மூடிய எலும்புத் தண்டுகளாகி, அவற்றின் நுனியில்தான் கொம்பு உட்கார்ந்திருக்கும். கொம்பு குட்டையானது, அடியில் ஒரு சிறு கிளை, நுனி உள்நோக்கி வளையும். ஆண்டுதோறும் கொம்பு விழும், தண்டு விழாது. ஆகவே கொம்பு விழுந்த கிடாவை வரைந்தாலும் தண்டு இருக்க வேண்டும். பெட்டைக்குக் கொம்பில்லை, அந்த இடத்தில் சிறு முடிக்கற்றை மட்டும். கிடாவின் மேல் கோரைப்பல் உதட்டுக்கு வெளியே லேசாக நீட்டியிருக்கும். சண்டையில் கிழிப்பது பெரும்பாலும் அந்தப் பல்தான், கொம்பு அல்ல. முதுகு வளைந்து, பின்பக்கம் தோளைவிடச் சற்று உயர்ந்திருக்கும். தலையை நிமிர்த்தி நெஞ்சை முன்தள்ளி நிற்கும் கம்பீர மான் என்று வரைந்தால் அது வேறு விலங்கு.

அருங்காட்சியகத்தில் பதப்படுத்தி வைத்த உடலைப் பார்த்து வரைந்த படங்களும் வரும். கண்முன் சுரப்பி வெறும் கீறலாகச் சுருங்கியிருப்பதும், நிறம் வைக்கோல்போல வெளிறியிருப்பதும் அதற்கு அடையாளம். கணினி உருவாக்கிய படங்கள் மேலே சொன்ன எலும்புத் தண்டில் அடிக்கடி தடுமாறும், அங்கே ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

கடைசியாக, இடம். கேளையை இறைச்சிக்காகச் சுருக்குக் கம்பி வைத்துப் பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பரிசுப் படத்தை வெளியிடும்போது கோப்பில் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் குறிப்பை நீக்கிவிட்டு வெளியிடுங்கள். எஸ்டேட் பெயர், கொண்டை ஊசி வளைவின் எண், ஓடையின் பெயர் எதுவும் படக்குறிப்பில் வேண்டாம், மலைத்தொடரின் பெயர் போதும்.