பிளேனோ, ஃபிரிஸ்கோ தமிழ்ப் பெற்றோருக்கு: மே மாதத்தில் இன்னொரு தேதியும் இருக்கிறது

அன்புள்ள வட டாலஸ் புறநகர்த் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். ஏப்ரல் பிறந்தால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான். அப்ரைசல் நோட்டீஸ் வந்துவிட்டதா, வீட்டு மதிப்பை எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள், அந்த மதிப்பை எதிர்த்து மே 15க்குள் ப்ரோட்டெஸ்ட் போட்டாயிற்றா, பக்கத்துத் தெருவில் அதே சதுர அடி வீடு என்ன விலைக்குப் போனது. இதில் நம்மவர்கள் காட்டும் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பள்ளி வாரியத் தேர்தலும் வழக்கமாக அதே மே மாதம் முதல் சனிக்கிழமைதான் வருகிறது. நீங்கள் கட்டும் சொத்து வரியில் பாதிக்கு மேல் பள்ளிக்கென்று போகிறது. அதைச் செலவு செய்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளைப் பற்றி எந்தக் குழுவிலும் பேச்சில்லை. இந்த மடல் அதற்காகத்தான்.

டெக்சஸில் பள்ளி மாவட்டம் என்பது நகராட்சியின் ஒரு துறை அல்ல. அது தனி அரசாங்கம், எல்லையும் தனி. பிளேனோ நகரத்தில் வீடு வாங்கியவர் பிள்ளை ஃபிரிஸ்கோ, ஆலன் அல்லது லூயிஸ்வில் மாவட்டத்தில் படிக்கலாம். முகவரியை மாவட்டத்தின் வரைபடத்தில் போட்டுப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். வாரியத்தில் ஏழு டிரஸ்டிகள், சம்பளம் கிடையாது. பிளேனோவில் பதவிக்காலம் நான்கு ஆண்டு, ஃபிரிஸ்கோவில் மூன்று. மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்டை நியமிப்பது, பட்ஜெட்டையும் வரி விகிதத்தையும் நிறைவேற்றுவது, எந்தப் பள்ளியைத் திறப்பது, எதை மூடுவது எல்லாம் அவர்கள் கையில். மேயருக்கு இதில் ஒரு ஓட்டுகூடக் கிடையாது. பள்ளிக் குறையை நகராட்சிக்கு எழுதி அனுப்பினால் பதில் வராததற்குக் காரணம் இதுதான்.

இனி பணத்துக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோர் தவறாகப் புரிந்து வைத்திருப்பது இங்கேதான். வீட்டு மதிப்பு ஏறினால், வரி ஏறினால், பள்ளிக்கு அதிகம் கிடைக்கும் என்று நினைக்கிறோம். கிடைக்காது.

அரிசி அளக்கும் ஒரு படியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் சேர வேண்டும் என்பதை மாநிலத்தின் சூத்திரம் முடிவு செய்கிறது. அதுதான் படியின் அளவு. முதலில் உள்ளூர் வரியை அதில் ஊற்றுகிறார்கள். நிரம்பவில்லை என்றால் மீதியை மாநிலம் ஊற்றும். நிரம்பி வழிந்தால் வழிந்தது மாநிலத்துக்குப் போகும். உங்கள் வீட்டு மதிப்பு ஏறும்போது படி பெரிதாவதில்லை. மாநிலம் ஊற்ற வேண்டியது குறைகிறது, அல்லது வழிவது கூடுகிறது. இப்படி வழிவதைத்தான் ரீகேப்சர் என்கிறார்கள், பேச்சு வழக்கில் ராபின் ஹூட். பிளேனோ மாவட்டம் ஒரே ஆண்டில் 20 கோடி டாலருக்கு மேல் அனுப்பிய ஆண்டுகள் உண்டு.

இந்த ஏற்பாடே அநியாயம் என்று கொதிப்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. சான் ஆன்டோனியோவின் எட்ஜ்வுட் போன்ற ஏழை மாவட்டங்கள் எவ்வளவு அதிக விகிதத்தில் வரி போட்டாலும் பணக்கார ஊர் அளவுக்குத் திரட்ட முடியாது. 1989-ல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் அதைச் சுட்டித்தான் பழைய முறையைத் தள்ளியது. 1993-ல் இந்த ஏற்பாடு வந்தது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. படியின் அளவை நிர்ணயிக்கும் அடிப்படைத் தொகை, ஒரு மாணவருக்கு 6,160 டாலர், 2019-லிருந்து 2025 வரை அசையவே இல்லை. அந்த ஆறு ஆண்டில் பஸ் டீசல், காப்பீடு, மின்சாரம், சம்பளம் எல்லாம் எவ்வளவு ஏறின என்பது உங்கள் வீட்டுக் கணக்கிலேயே தெரியும். 2025-ல் சட்டமன்றம் 850 கோடி டாலர் அளவுக்குப் பள்ளி நிதி ஒதுக்கியது உண்மை. ஆனால் அடிப்படைத் தொகையில் கூட்டியது 55 டாலர்தான். மீதியில் பெரும்பங்கு இன்னதற்கு என்று முத்திரை குத்தி வந்தது. 5,000 மாணவர்களுக்கு மேல் உள்ள மாவட்டங்களில் மூன்று, நான்கு ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியருக்கு 2,500 டாலர், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 5,000 டாலர் சம்பள உயர்வு. நல்ல காரியம்தான், ஆனால் அதை எடுத்து மின்கட்டணம் கட்ட முடியாது. 2023-ல் ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதம் ஏந்திய காவலர் வேண்டும் என்று சட்டம் போட்டபோது மாநிலம் கொடுத்தது பள்ளிக்கு 15,000 டாலரும் மாணவருக்கு 10 டாலரும். ஒரு காவலரின் ஓராண்டுச் சம்பளத்துக்கு அது எந்த மூலைக்கு?

படியின் அளவில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அது நேரே நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. டெக்சஸ் பணம் கொடுப்பது சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு அல்ல, வந்த பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு. தினமும் குறித்த ஒரு நேரத்தில் ஆசிரியர் வருகை எடுக்கிறார். அந்த நிமிடம் நாற்காலியில் பிள்ளை இருந்தால் கணக்கு உண்டு, இல்லையென்றால் இல்லை. 1,000 பேர் சேர்ந்த பள்ளியில் சராசரி வருகை 94 விழுக்காடு என்றால் 940 பேருக்குத்தான் பணம். ஆசிரியர், அறை, பஸ் எல்லாம் 1,000 பேருக்கும் வேண்டும். 47,000 பிள்ளைகள் உள்ள மாவட்டத்தில் வருகை ஒரு விழுக்காடு குறைந்தால் அடிப்படைத் தொகையில் மட்டும் போவது சுமார் 29 லட்சம் டாலர்.

டிசம்பர் விடுமுறையோடு சேர்த்து ஊருக்குப் போய், டிக்கெட் மலிவு என்று பொங்கல் முடிந்து திரும்புகிறோமே, அதைத்தான் சொல்கிறோம். ஒரு பிள்ளைக்குப் பத்துப் பள்ளி நாள் போனால் கணக்கில் குறைவது சுமார் 350 டாலர். ஒரே பள்ளியில் நாற்பது பிள்ளைகள் அப்படிப் போனால் 14,000 டாலர். தாத்தா பாட்டியைப் பார்க்கப் போகவேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. திரும்பும் தேதியை முடிவு செய்யும்போது இதுவும் கணக்கில் இருக்கட்டும். பிள்ளைக்கும் பாதிப்பு உண்டு. வகுப்பு நடந்த நாட்களில் 90 விழுக்காடாவது வராத மாணவருக்குத் தேர்வில் நல்ல மதிப்பெண் இருந்தாலும் அந்தப் பாடத்தை முடித்ததற்கான கிரெடிட் நிறுத்தப்படலாம். பிறகு வருகைக் குழுவின் முன் காரணம் சொல்லி மீட்க வேண்டும்.

நமக்குச் சாதகமான விதிகளும் இருக்கின்றன, கேட்டு வாங்குவதில்லை. மதப் பண்டிகை நாளுக்கு எடுக்கும் விடுப்பு வந்ததாகவே கணக்கில் சேரும். தீபாவளிக்கு முன்பே ‘மத வழிபாட்டு நாள்’ என்று குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள். ‘குடும்ப நிகழ்ச்சி’ என்று எழுதினால் அந்தச் சலுகை கிடைக்காது. பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு அன்றே வகுப்புக்கு வந்து சீட்டைக் கொடுத்தால் முழு நாள் கணக்கு. குடியுரிமை உறுதிமொழி விழாவுக்குப் போகும் மாணவருக்கும் அப்படியே.

இப்போது ஸ்டேடியம் கேள்வி. ஆசிரியரைக் குறைத்துவிட்டு ஸ்டேடியமும் கட்டடமும் கட்டுகிறார்களே என்ற கோபம் அடிக்கடி கேட்கிறது. வரி ரசீதில் பள்ளி விகிதம் ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு பை. எம் அண்டு ஓ என்பது சம்பளம், மின்சாரம், தினசரிச் செலவு. ஐ அண்டு எஸ் என்பது மாவட்டம் கடன் வாங்க வெளியிடும் பத்திரத்தின் அசலும் வட்டியும். பத்திரப் பணத்தில் கட்டடம், பஸ், கணினி வாங்கலாம்; ஒரு மாதச் சம்பளம்கூடப் போட முடியாது. ரீகேப்சர் முதல் பையிலிருந்துதான் எடுக்கும், இரண்டாவதைத் தொடாது. அதனால்தான் எந்தச் செலவையெல்லாம் முடியுமோ அதையெல்லாம் பத்திரத்துக்குத் தள்ளுகிறார்கள். வாக்குச்சீட்டில் பத்திரக் கோரிக்கைக்குக் கீழே ‘இது சொத்து வரி உயர்வு’ என்று பெரிய எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும். 2019-லிருந்து சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. விகிதம் ஒரு சென்ட்கூட ஏறாவிட்டாலும் அந்த வாசகம் அங்கே நிற்கும். அதை மட்டும் படித்துவிட்டு ஓட்டுப் போடாதீர்கள். ஃபிரிஸ்கோவில் 2024 நவம்பரில் எம் அண்டு ஓ வரிக்கான ஒப்புதலும் பத்திரக் கோரிக்கைகளும் சேர்ந்தே தோற்றன. வேண்டாம் என்று சொல்ல வாக்காளருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் எந்தப் பைக்கு வேண்டாம் என்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும்.

பணம் சுருங்கும்போது முதலில் சேமிப்பிலிருந்து எடுப்பார்கள். பிறகு நான்காம் வகுப்பு வரை ஒரு வகுப்பறைக்கு 22 பிள்ளைகள் என்ற உச்சவரம்புக்கு விலக்குக் கேட்பார்கள். அதன்பின் பள்ளியை மூடுவார்கள். பிளேனோவில் 55,000-ஐத் தாண்டியிருந்த மாணவர் எண்ணிக்கை 47,000 அளவுக்கு இறங்கிவிட்டது. பிறப்பு குறைந்தது, பிள்ளைகள் வளர்ந்து போன வீடுகளில் பெற்றோர் அப்படியே இருக்கிறார்கள், இளம் குடும்பத்துக்கு அந்த விலை கட்டுப்படியாகவில்லை. 2024 ஜூனில் இரண்டு தொடக்கப் பள்ளி, இரண்டு நடுநிலைப் பள்ளியை மூட பிளேனோ வாரியம் முடிவு செய்தது. அதே ஆண்டில் அண்டை மாவட்டமான ரிச்சர்ட்சன் நான்கு தொடக்கப் பள்ளிகளையும் லூயிஸ்வில் ஐந்தையும் மூடத் தீர்மானித்தன. இந்த முடிவுகள் ஒரே இரவில் வருபவை அல்ல. மக்கள்தொகை அறிக்கை, குழு ஆய்வு, பரிந்துரை என்று பல மாதம் பொதுவெளியில் நடந்த பிறகுதான் ஓட்டெடுப்பு. பரிந்துரை வந்த பிறகு கூட்டத்துக்குப் போனால் மாற்றுவதற்கு மிச்சம் கொஞ்சமே.

பள்ளிகளின் ரேட்டிங் பற்றிச் சுருக்கமாக. வீட்டு விற்பனைத் தளத்தில் தெரியும் பத்துக்குப் பத்து பெருமளவு அந்தத் தெருவின் வருமானத்தைத்தான் காட்டுகிறது. மாநிலத்தின் ஏ முதல் எஃப் வரையிலான தரத்தில், சாதனை அல்லது முன்னேற்றம், இதில் எது கூடுதலோ அதற்கு 70 விழுக்காடு. மாணவர் பிரிவுகளுக்கு இடையேயான இடைவெளிக்கு 30. மாநிலத் தேர்வான ஸ்டாரில் ‘அப்ரோச்சஸ்’ என்ற நிலையை வாங்கினாலே தேர்ச்சி என்பார்கள். வகுப்புக்குரிய நிலையை எட்டியதாகச் சொல்ல அதற்கு மேலான ‘மீட்ஸ்’ வேண்டும். மாநிலத்தின் ஆண்டறிக்கையில் உங்கள் பள்ளியின் ‘மீட்ஸ்’ விழுக்காட்டை, சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஏ வாங்கிய பள்ளி யாரை விட்டுவிட்டது என்பது அங்கே தெரியும். ஒரே ஒரு பள்ளி தொடர்ந்து ஐந்து முறை எஃப் வாங்கினால் மாவட்டம் முழுவதையும் மாநிலம் எடுத்துக்கொள்ளலாம். 2023-ல் ஹூஸ்டனில் அது நடந்தது. 2025 அக்டோபரில் ஃபோர்ட் வொர்த்துக்கு அறிவித்தார்கள். அதன்பின் நாம் தேர்ந்தெடுத்த டிரஸ்டிக்கு அதிகாரம் இல்லை.

பிளேனோ, ஃபிரிஸ்கோ இரண்டுக்கும் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. பட்ஜெட் ஜூனில் நிறைவேறும். வரைவு விவாதம் பிப்ரவரி, மார்ச்சிலேயே தொடங்கிவிடும். அப்போது போங்கள். நிகழ்ச்சி நிரலில் உள்ள பொருள் பற்றி, முடிவு எடுப்பதற்கு முன் பேச உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. நிரலில் இல்லாததைப் பேசினால் டிரஸ்டிகள் அதை விவாதிக்கக் கூடாது; அவர்கள் மௌனமாக இருப்பது அவமதிப்பு அல்ல. பொருளின் எண், ஒரு தொகை, ஒரு கோரிக்கை, இவ்வளவு போதும்.

குடியுரிமை உள்ளவர்கள் தேர்தலுக்கு 30 நாள் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். புதிதாகப் பதிய இணைய வசதி கிடையாது. படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பவேண்டும். முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்கள் இருப்பதால் அந்தச் சனிக்கிழமை பரதநாட்டிய வகுப்பு என்பது காரணமாகாது.

எச்1பியிலும் க்ரீன் கார்டிலும் இருப்பவர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று ஒதுங்க வேண்டாம். ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் இடம்பெறும் மேம்பாட்டுக் குழு உண்டு. மாவட்டச் சுகாதார ஆலோசனைக் குழுவில் பெரும்பான்மை, மாவட்டத்தில் வேலை பார்க்காத பெற்றோராக இருக்கவேண்டும் என்பது சட்டம். இவற்றுக்கு வாக்காளர் அட்டை தேவையில்லை. ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்க்க ஒருவரை உடன் அழைத்து வாருங்கள். மற்றவருக்குத் தரும் நேரத்தைப் போல் இரு மடங்கு உங்களுக்குத் தரவேண்டும் என்று 2019-ன் சட்டம் சொல்கிறது. பேரப்பிள்ளையைத் தினமும் பஸ் நிறுத்தத்தில் விடும் பாட்டி, அந்த நிறுத்தத்தை ஏன் மாற்றினீர்கள் என்று தமிழிலேயே கேட்கலாம்.

அன்புடன்,
பள்ளி வாரியங்களின் கூட்டங்களையும் கணக்குகளையும் தொடர்ந்து பார்த்துவரும் உங்கள் அண்டை வீட்டார் சிலர்